மரப்பொம்மை சாட்சி சொல்லலாமா?

ஒக்ரோபர் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணைக்குழு முன் சனம் சொன்ன வாக்குமூலங்களைப் பொம்மைகளை வைத்து நாடகமாகப் போட்டார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வார்த்தையை மரக்கட்டையின் வாயில் வைப்பதா? எனக்கு இது கண்ணீரை வேடிக்கையாக்குகிற மாதிரி இருக்கிறது. நல்ல நடிகை ஒருவர் நடித்திருந்தாலாவது மனம் ஒப்பும். நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒக்ரோபர் 4, சனி காலை

நான் பார்த்தேன். 2015, இலையுதிர்காலம், லண்டன் நாட்டிங் ஹில் கேற்றில் கொரோனெற் என்கிற பழைய தியேட்டர். நாடகத்தின் பெயர் ‘ஊபுவும் உண்மை ஆணைக்குழுவும்’. ஹான்ட்ஸ்பிறிங் பொம்மலாட்டக் குழு, நெறியாள்கை வில்லியம் கென்ற்றிட்ஜ், எழுத்து ஜேன் ரெய்லர். முதலில் மேடையேறியது 1997இல், ஆணைக்குழுவின் அமர்வுகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே. நான் பார்த்தது பல வருடம் கழித்து அவர்கள் மறுபடி எடுத்துக்கொண்டு வந்தது.

நீங்கள் நினைப்பது பிழை என்றுதான் சொல்வேன். ரிக்கற் வாங்கும்போது எனக்கும் இதே எண்ணம் இருந்தது. முதல் சாட்சி வந்த ஒரு நிமிடத்துக்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

சாட்சிப் பொம்மை ஒரு முழு ஆள் அளவுகூட இல்லை. முகம் மரத்தில் செதுக்கியது, உளி பட்ட இடமெல்லாம் அப்படியே தெரிகிறது, அரம் போட்டு மழுப்பவில்லை. இரண்டு பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள். கறுப்புத் துணியால் முகம் மூடவில்லை, திரைக்குப் பின்னால் ஒளியவில்லை. பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். பொம்மை தன் மொழியில் கதைக்கிறது. மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நிற்கிறவர் ஆங்கிலத்தில் சொல்லுகிறார்.

நடிகை நடித்திருந்தால் நான் அவர் எவ்வளவு நன்றாக அழுகிறார் என்று பார்த்திருப்பேன். அங்கே அழுகை என்று ஒன்றுமே இல்லை. வெளிச்சம் சற்றுச் சரியும்போது அந்த உளிக்குழிகளில் நிழல் நகர்கிறது. அந்த மரமுகம் எதையோ விழுங்கிக்கொண்டது போல இருந்தது.

காகிதங்களை எல்லாம் விழுங்கும் நாய் ஒன்றும் வரும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒக்ரோபர் 4, மத்தியானம்

திருத்தம். காகிதம் விழுங்குவது நாய் இல்லை, முதலை. பத்து வருடத்தில் இரண்டும் என் தலைக்குள் ஒன்றாகிவிட்டன.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

கதை என்னவென்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஊபு என்பது பிரெஞ்சு நாடகாசிரியர் அல்பிரெட் ஜாரி 1896இல் பாரிஸ் மேடைக்குக் கொண்டுவந்த பாத்திரம். பெருந்தீனி, கோழை, கொலைகாரன். தென்னாபிரிக்க நாடகத்தில் அந்த ஊபு நிறவெறி ஆட்சியின் இரகசியப் படை ஆள். அழுக்கு பெனியனும் உள்ளாடையும் போட்டுக்கொண்டு மேடை முழுக்க உலாவுகிறார். இரவில் வெளிக்கிட்டுப் போகிறார், விடிய வருகிறார். மனைவி, அவரை மா ஊபு என்பார்கள், புருசன் வேறொருத்தியிடம் போகிறார் என்று சந்தேகப்படுகிறார். ஊபு போனதோ ஆட்களைக் கொல்ல.

அந்த நேரம் ஆணைக்குழு வருகிறது. உண்மையில் வந்தது போலவே. 1995இல் சட்டம், 1996 ஏப்ரலில் ஈஸ்ற் லண்டன் நகர மண்டபத்தில் முதல் பொது அமர்வு, தலைமையில் பேராயர் டெஸ்மன்ட் டுட்டு. நிபந்தனை எல்லாருக்கும் தெரியும்: செய்ததை முழுதாகச் சொல்ல வேண்டும், அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று காட்ட வேண்டும், அப்படியானால் மன்னிப்பு. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன, மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்கு. ஊபுவின் பிரச்சினை இதுதான். எல்லாவற்றையும் சொல்லித் தப்புவதா, ஆதாரத்தை அழித்துத் தப்புவதா?

அழிக்கத்தான் முதலை. நைல்ஸ் என்று பெயர். அதன் உடம்பே ஒரு பை. ஊபு கோப்பு, ஒளிப்பட நாடா என்று ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் போடுகிறார். பிறகு மா ஊபு அந்த வயிற்றைத் திறந்து பார்க்கிறார். அதுவரை வேறு பெண் என்று எரிந்துகொண்டிருந்தவர், கையில் கிடைத்ததைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகிறார்.

நாய்க்குப் பெயர் புறூற்றஸ். ஒரு சூட்கேஸ் உடம்பு, மூன்று தலை. ஒன்று அரசியல்வாதி, ஒன்று தளபதி, ஒன்று அடிமட்டச் சிப்பாய். ஊபு தன் ஆதாரத்தைக் கொண்டுபோய் அந்தச் சூட்கேசுக்குள் வைத்துப் பழியை நாயின்மேல் போடுகிறார். வழக்கு நடக்கிறது. மூன்று தலையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு தீர்ப்பு. மேலே இருந்த தலைகள் தப்பிவிட, சிப்பாய்த் தலைக்கு 212 வருடம்.

அந்த 212 சும்மா வந்த எண் இல்லை. ‘விளாக்பிளாஸ்’ கொலைப்பிரிவின் தளபதி யூஜீன் டி கொக்குக்கு 1996இல் நீதிமன்றம் கொடுத்தது இரண்டு ஆயுள் தண்டனையும் 212 வருடமும். தென்னாபிரிக்காவில் அந்த எண்ணைச் சொன்னாலே மண்டபம் முழுக்க விளங்கியிருக்கும். நான் அன்று விளங்காமல் இருந்தேன், வீட்டுக்கு வந்து தேடித்தான் அறிந்தேன். அவருக்கு 2015 தொடக்கத்தில் பரோலில் வர வழி கிடைத்தது. நாங்கள் நாடகம் பார்த்தது அதே வருடக் கடைசியில்.

ஒக்ரோபர் 5, இரவு

நான் ஏன் இந்த நாடகத்தை விடமுடியாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் வேலை உரைபெயர்ப்பு. அகதி மேன்முறையீட்டு விசாரணைகள், ஆஸ்பத்திரி, சில நேரம் பொலிஸ். வழக்கு விபரம் எதையும் எழுதமாட்டேன், எழுதவும் கூடாது. இந்த வேலையின் முதல் விதி, ‘நான்’ என்பதை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அவர் “என்னைக் கட்டித் தூக்கினார்கள்” என்றால் நான் ஆங்கிலத்தில் “அவரைக் கட்டித் தூக்கினார்களாம்” என்று சொல்லக்கூடாது. “என்னை” என்று சொல்ல வேண்டும். ஒரு நாளில் நாலு தரம் நான் நாலு பேராக அடிவாங்குவேன். பிறகு பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிடுவேன்.

தென்னாபிரிக்க ஆணைக்குழுவிலும் இதே விதிதான். அந்தக் காலத்தில் 11 உத்தியோக மொழிகள், கண்ணாடிச் சாவடிக்குள் உரைபெயர்ப்பாளர்கள், காதுக்கருவி, அந்தந்தக் கணத்திலேயே மாற்றிச் சொல்வது. காலையில் தாயாக அழவேண்டும், பின்னேரம் கொன்றவனாக ‘நான் சுட்டேன்’ என்று சொல்லவேண்டும். அந்த ‘நான்’ அவர்களில் கனபேரை உடைத்தது. அதைப் பற்றி அவர்களே பின்னாளில் கதைத்திருக்கிறார்கள்.

ஒரு தரம் ஓர் அம்மா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஸ்ரிக் கப் ஒன்றில் தண்ணீர். மகனைப் பற்றிச் சொல்ல வந்ததும் கப்பின் விளிம்பை நகத்தால் நெரித்துக்கொண்டே போனார். விளிம்பு சுற்றிவரப் பிறை பிறையாக வெள்ளைக் கோடு விழுந்தது. நான் சொன்னேன்: “நான் அவனை மூன்று முகாமில் தேடினேன்.” நிமிர்ந்து பார்த்தால் நீதிபதி என்னைப் பார்க்கிறார். வழக்கறிஞர் என்னைப் பார்க்கிறார். மற்றப் பக்கத்து ஆளும் என் வாயைத்தான். அந்த அறையில் கப்பைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

கொரோனெற்றில் எல்லாரும் பொம்மையைப் பார்த்தார்கள். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

ஒக்ரோபர் 7

“பொம்மையும் வேண்டாம் நடிகரும் வேண்டாம், பாதிக்கப்பட்டவர்களே மேடையில் ஏறட்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதையும் செய்திருக்கிறார்கள். ஊபு நாடகம் போன அதே காலத்தில், பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பான குலுமானியின் ஆட்கள் சிலர் தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொன்னார்கள். அதில் ஒருவர் மரண தண்டனைக் கைதியாக இருந்து, தூக்குக்கு முதல் நாள் தப்பியவர். கென்ற்றிட்ஜ் அதைப் பார்த்துவிட்டு எழுதியது என் மனதில் நிற்கிறது: ஒரு நாள் அவர் நடுவில் நின்றுவிட்டாராம், வசனம் மறந்துவிட்டது. தன் உயிர் தப்பிய கதைதான், ஆனாலும் மறந்துவிட்டது.

எனக்கு இது வியப்பே இல்லை. ஒரே கதையை அதிகாரிக்கு, வழக்கறிஞருக்கு, டொக்டருக்கு, நீதிபதிக்கு என்று சொல்லிச் சொல்லி அது ஆளைவிட்டுக் கழன்று போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது தரம் சொல்லும்போது அது மனப்பாடம். மனப்பாடமாகச் சொன்னால் பொய் என்பார்கள். தடுமாறினாலும் பொய் என்பார்கள். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு ஒரு மனிதரை அந்த இடத்துக்குத் திருப்பிக் கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மரத்துக்கு நோகாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த மரத்தைத் தெரிந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு நல்ல காரணம் என்று நினைக்கிறேன்.

ஒக்ரோபர் 9

குறளை நினைவுபடுத்தியவருக்கு நன்றி. நாணுடைமையில் கடைசிக் குறள், 1020:

நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.

உள்ளே நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை நாண்கயிற்றால் ஆடி உயிருள்ளது போல மயக்குவதைப் போன்றது. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினேன், பரீட்சையில் எழுதினேன். நாண், நாண் என்ற சிலேடையைத் தாண்டி அன்று ஒன்றும் எட்டவில்லை.

இப்போது நாடகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மேடையில் யார் மரம், யார் ஆள்? ஊபுவும் மா ஊபுவும் இரத்தமும் சதையுமான நடிகர்கள். அவர்களுக்கு நாணம் இல்லை. சாட்சிகள் மரம். ஊபு தின்கிறார், உறங்குகிறார், மேடையெல்லாம் ஓடுகிறார், ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று தான் நிரபராதி என்கிறார். அவ்வளவு இயக்கம், அத்தனையும் உயிர்மருட்டல். பக்கத்திலேயே நிற்கிற மரப்பாவையை ஊபுவும் மனைவியும் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு அது இல்லை.

வள்ளுவர் மனிதரைப் பாவை என்று ஏசினார். ஹான்ட்ஸ்பிறிங் ஆட்கள் அதே உவமையை எடுத்து மற்றப் பக்கம் திருப்பிவிட்டார்கள், குறளைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

ஒக்ரோபர் 9, இரவு

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதே ஆள் திருப்பிக் கேட்டிருக்கிறார்: “வள்ளுவர் பாவையின் உயிர் பொய்யான உயிர் என்றல்லவா சொல்கிறார்? அப்படியானால் சாட்சியும் பொய்யா?” நல்ல அடி. ஒரு நாள் யோசிக்க விடுங்கள்.

ஒக்ரோபர் 10

யோசித்தேன். மருட்டுவது என்றால் மயக்குவது, ஏமாற்றுவது. கயிறு மறைந்திருந்தால்தான் ஏமாற்ற முடியும். இங்கே கயிறே இல்லை. இரண்டு பேர் வெளிச்சத்தில் நின்று பிடித்திருக்கிறார்கள், யார் குரல் கொடுக்கிறார் என்பதும் தெரிகிறது. ‘இது உயிரில்லை, நாங்கள்தான் தாங்கி வைத்திருக்கிறோம்’ என்று காட்டிக்கொண்டே செய்கிறார்கள். அது தெரிந்துகொண்டே நாங்களும் நம்புகிறோம். இதை மருட்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சாட்சியை நம்புவது என்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அவருடைய மகனை நாங்கள் கண்டதில்லை, அவர் சொல்லை நாங்கள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஒக்ரோபர் 11

“பொம்மலாட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு” என்கிறவர்களுக்குச் சுருக்கமாக.

ஜப்பானில் ‘புன்றாக்கு’ பொம்மலாட்டத்தின் பெரிய நாடகாசிரியர் சிக்கமட்சு. 1703இல் அவர் மேடையேற்றிய கதை, ஒரு கடைப் பெடியனும் ஒரு விலைமாதும் சேர்ந்து தற்கொலை செய்தது. உண்மையில் நடந்து கொஞ்ச நாளிலேயே அதை எடுத்து ஆடினார்கள். பார்க்க வந்தது வளர்ந்த சனம். அங்கே ஒரு பொம்மைக்கு மூன்று பேர்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால் ஒருவர். காலைப் பிடித்துப் பழகவே பத்து வருடம் என்பார்கள்.

ஊபுவும் பொம்மையாகப் பிறந்தவர்தான். ரென் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பௌதிக ஆசிரியரைக் கிண்டல் பண்ணிப் பெடியள் எழுதியது அது. ஜாரி முதலில் அதைப் பொம்மைகளை வைத்துத்தான் ஆடினார்.

ஹான்ட்ஸ்பிறிங் 1981இல் கேப் ரவுனில் தொடங்கியபோது பிள்ளைகளுக்குத்தான் ஆடினார்கள். பெரியவர்களுக்கான முதல் நாடகம் 1985இல், அவசரகாலச் சட்டம் வந்த அதே வருடம். பிறகு கென்ற்றிட்ஜோடு 1992இல் ஒன்று, 1995இல் ஒன்று, அதற்குப் பிறகு இந்த ஊபு. இவர்களை உலகம் அறிந்தது 2007இல் லண்டன் நாஷனல் தியேட்டரில் ஓடிய ‘வோர் ஹோர்ஸ்’ நாடகத்துக்கு அவர்கள் செய்த பெரிய குதிரைகளால். 2021இல் துருக்கியிலிருந்து மான்செஸ்ரர் வரைக்கும் நடந்த மூன்றரை மீற்றர் உயர அகதிச் சிறுமி, ‘லிற்றில் அமல்’, அவளையும் செய்தது இவர்கள்தான். குதிரை பார்த்தவர்கள் ‘என்ன ஒரு உயிர்’ என்றார்கள். எனக்குக் குதிரையைவிட அந்தச் சின்ன மரச் சாட்சிதான் பெரிது. குதிரைக்குக் கண், காது, வால், குளம்பு என்று ஆட்ட எத்தனையோ இருந்தன. சாட்சி ஒரு கையை மேசையில் வைக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கமும் உண்டே. அம்பலாங்கொடைச் சிங்களக் குடும்பங்களின் நூல்பொம்மை, ‘றூகட’. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழகத்துத் தோல்பாவைக்கூத்தும் விடிய விடிய இராமாயணம் ஆடியது பெரியவர்களுக்காகத்தானே.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்து பார்த்தோம்.

ஹான்ட்ஸ்பிறிங் குழுவைத் தொடங்கியவர்களில் ஏட்றியன் கோலரும் பாசில் ஜோன்சும் திரும்பத் திரும்பச் சொல்வது மூச்சு. பொம்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது நடை இல்லை, கை அசைவு இல்லை, மூச்சு. நடிகர் மேடையில் செத்துப் போனதாக நடிக்கப் பாடுபடுவார், பொம்மையோ ஒவ்வொரு கணமும் உயிரோடு இருக்கப் பாடுபடுகிறது என்பது ஜோன்சின் கருத்து.

வீட்டில் பார்சல் சுற்றி வந்த மண்ணிறக் காகிதம் நிறையக் கிடந்தது. கசக்கித் தலை ஒன்று, உடம்பு, இரண்டு கை. இடுப்பில் றப்பர் பட்டி. மகளுக்கு 14 வயது, அவள் தலையையும் வலக்கையையும் பிடித்தாள், நான் இடக்கையும் முதுகும். சாப்பாட்டு மேசையில் இருத்தினோம். முதலில் கையை ஆட்டினோம், தலையை ஆட்டினோம். குப்பைக் காகிதம் ஆடியது, அவ்வளவுதான்.

பிறகு ஒன்றும் செய்யாமல் மூச்சு மட்டும். நான் முதுகை ஒரு விரல் அளவு தூக்கி, ஆறுதலாக விட்டேன். மகளும் அதே நேரத்தில் தலையை ஒரு மயிரளவு தாழ்த்தினாள். இரண்டாவது மூச்சில் எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வயதுபோன ஆள் மேசையில் இருக்கிறார். களைத்துப் போயிருக்கிறார். யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மகள் “அம்மா!” என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஆள் அந்த இடத்திலேயே காகிதமாகிவிட்டார்.

நாலைந்து தரம் செய்து பார்த்தோம். இரண்டு பேரும் பொம்மையையே பார்த்தால் அது இருக்கிறது. ஒருவர் வேறெங்காவது பார்த்தால் போய்விடுகிறது. கயிறு, கம்பு, கை எதுவும் இல்லை, பார்வைதான் தாங்குகிறது. கொரோனெற்றில் அந்த இரண்டு பேரும் ஒரு கணம்கூட எங்களைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் பார்த்த இடத்தைத்தான் நாங்களும் பார்த்தோம்.

ஒக்ரோபர் 14

கண்ணாடிப் பெட்டி பற்றி 4ஆம் திகதி எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. ஒருவர் சுட்டிக்காட்டினார், மிகச் சரி. அது உரைபெயர்ப்பாளரின் சாவடி மட்டும் இல்லை. இரவில் கொலை செய்துவிட்டு வருகிற ஊபு குளிக்கிற இடமும் அதுதான். அதே கண்ணாடி. அங்கே நின்றுதான் உடம்பில் ஒட்டியதைக் கழுவுகிறார். கென்ற்றிட்ஜின் கரியும் சுண்ணக்கட்டியும் கொண்டு வரைந்த அசைபடம் பின்திரையில் ஓடுகிறது, தண்ணீரோடு கழுவுண்டு போவது என்னவென்று அதில் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே பெட்டிக்குள் நின்று ஒருவர் தாயின் சொல்லை மொழிபெயர்க்கிறார்.

இதை நான் எப்படி மறந்தேன்? மறக்க விரும்பியிருக்கிறேன் என்றுதான் இப்போது தெரிகிறது. அன்று அதைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்தது. கூட வந்த சினேகிதியிடம் “எங்களையும் அவனையும் ஒரே பெட்டியில் வைத்திட்டாங்கள்” என்று சொன்னது நல்ல நினைவு. நாங்கள் சொல்லைக் கடத்துகிறோம், அவன் இரத்தத்தைக் கழுவுகிறான், இரண்டும் எப்படி ஒன்று?

ஆனால் உண்மை ஒன்று இருக்கிறது. சொல் என் வாய்க்குள்ளால் போகும்போது கழுவுண்டுதான் போகிறது. என் ஆங்கிலம் இலக்கணம் பிழைக்காது. அம்மாவின் தமிழ் நடுவில் உடையும், திரும்பும், ஒரு சொல்லில் தொங்கும். “அவன்… அவனை… பிள்ளையை ஏத்தினவங்கள்.” நான் அதை ஒரு ஒழுங்கான வசனமாக்கிக் கொடுத்துவிடுவேன். அறைக்குள் இருப்பவர்களுக்குக் கிடைப்பது குளித்து உடுப்பு மாற்றின சாட்சியம். கொரோனெற்றில் சாட்சியின் சொந்த மொழியும் கேட்டது, ஆங்கிலமும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ன போனது என்று மொழி தெரியாத எங்களுக்கும் ஒரு மாதிரி விளங்கியது, குரல் நடுங்கிய இடத்தில் ஆங்கிலம் நடுங்கவில்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் பெட்டியை அப்படி வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஒக்ரோபர் 19

“தென்னாபிரிக்கா எங்கே, நாங்கள் எங்கே” என்று கேட்டவருக்கு. அவ்வளவு தூரமில்லை. தென்னாபிரிக்க ஆணைக்குழுவில் ஆணையாளராக இருந்த யாஸ்மின் சூக்கா, இலங்கையின் இறுதிப் போர் பற்றி ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த மூவர் குழுவிலும் இருந்தார், 2011இல் அறிக்கை கொடுத்த குழு. அங்கே கேட்ட காது இங்கேயும் கேட்டிருக்கிறது.

எங்கள் சாட்சிகளுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பந்தல் போட்டு இருந்த அம்மாக்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். படம் வெயிலில் வெளிறி, பிள்ளையின் முகம் நீலமாகிப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை தொடங்கிய காலத்தில் ஒருவர் “காணாமல் ஆக்கப்பட்டார்” என்றார். நான் ‘காணாமல் போனார்’ என்ற பொருள்வரும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டேன். வாய்ப்பழக்கம். குடை காணாமல் போகும், பூனை காணாமல் போகும். ஆளை ஒருவர் ஆக்கித்தான் காணாமல் ஆகும். அந்த ஒரு ‘ஆக்கப்பட்ட’வுக்காக எங்கள் தாய்மார் எத்தனை வருடம் கத்தினார்கள், நான் ஒரு நொடியில் அதைக் கழுவிவிட்டேன். இரண்டு கேள்வி தாண்டித்தான் உறைத்தது, உடனே கை தூக்கித் திருத்தினேன், பதிவிலும் ஏற்றினார்கள். ஆனாலும் அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறது. அந்தக் குளியல் பெட்டி பற்றிய கோபத்துக்கு அடி இதுவாகவும் இருக்கலாம்.

ஒக்ரோபர் 20

கென்ற்றிட்ஜ் சொன்ன இன்னொன்று, மறக்கமுதல் போட்டுவிடுகிறேன். நாடகம் பார்த்த ருமேனியப் பெண் ஒருவர் வந்து, இது எங்கள் ஊர்க் கதை, ருமேனியாவைப் பற்றியே எழுதியது என்றாராம். தென்னாபிரிக்க நடிகர்கள் தங்கள் நாட்டின் மிக நுணுக்கமான விசயத்தைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பக்கத்தில் நானும் நின்றிருப்பேன்.

ஒக்ரோபர் 26

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பாதி சமாதானம், பாதி இல்லை என்கிறார். “ரிக்கற் வாங்கிக் கதிரையில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் தாயின் வார்த்தையில் என்ன உரிமை?” அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. அந்த நாடகத்தின் முடிவே இதைத்தான் குத்துகிறது. ஊபுவும் மனைவியும் முதலையும் ஒரு படகில் ஏறி சூரியன் மறைகிற பக்கம் போகிறார்கள், அழகான கடல், ஒருவரும் தடுக்கவில்லை. விளக்குப் போட்டார்கள். கை தட்டினோம். கை தட்டியது சரியா என்று படி இறங்கும்போது சினேகிதி கேட்டாள், இரண்டு பேரும் பேசாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். சாட்சி சொன்ன சனத்தில் பெரும்பகுதிக்கு நட்டஈடு என்று வந்தது மிகச் சிறிய தொகை, அதுவும் பிந்தி. அதை எந்த நாடகமும் மாற்றவில்லை.

ஆனால் நீங்கள் தொடங்கிய இடத்துக்கு என் பதில் அதேதான். மரக்கட்டையின் வாயில் வைத்ததால் அந்த வார்த்தை குறையவில்லை.

ஒக்ரோபர் 29

சின்னச் சேர்க்கை. இன்று ஒரு விசாரணை. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தது, சொல்லும்போது கேள்வி கேட்டவரைப் பார், அல்லது உன் குறிப்புப் புத்தகத்தைப் பார் என்று. இன்று இரண்டையும் செய்யவில்லை. ‘நான்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் சொன்னவரின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒரு கைக்குட்டையை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி முதலில் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு அங்கே பார்த்தார்.